பயிற்சித் தாதியிடம் எப்போது, எப்படிச் சொல்வது: வார்டு போஸ்டிங்கிற்கான முழு வழிகாட்டி

பினாங்கில் ஒரு மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துகொண்டே பயிற்சித் தாதிகளுக்கு லோக்கல் பிரிசெப்டராகவும், அதாவது வார்டிலேயே கற்றுக்கொடுத்து மேற்பார்வையிடுபவராகவும், இருக்கிறேன். வார்டில் சுருக்கமாக எல்.பி. என்போம். ஒவ்வொரு பேட்ச் வரும்போதும் அதே இடங்களில்தான் தடுமாற்றம். பிள்ளைகள் மட்டுமில்லை, புதிதாக எல்.பி. ஆகிறவர்களும் தடுமாறுகிறார்கள். செய்த வேலையில் எது சரி, எது தவறு என்று ஒருவருக்குச் சொல்லத் தெரியவில்லை, இன்னொருவருக்குக் கேட்கத் தெரியவில்லை. கடைசி நாளில் பாரத்தில் "இன்னும் தன்னம்பிக்கை தேவை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். அந்த வரியை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அடுத்த வார்டில் என்ன செய்யும்?

இதை எல்.பி.க்கும் பயிற்சித் தாதிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். பெரும்பாலானவர்கள் நேராக 6-வது படியில், அதாவது தவறு நடந்து முடிந்த பிறகு, தொடங்குகிறார்கள். முன்னால் எதுவும் பேசி வைக்காததால் அங்கே சொல்வதெல்லாம் திட்டாகத்தான் காதில் விழும்.

1. போஸ்டிங் தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

பயிற்சித் தாதி தன் லாக் புக்கை முந்தின இரவே எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு செய்முறைக்கும் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்: பார்த்தது, கூட நின்று உதவியது, மேற்பார்வையில் தானே செய்தது. "செய்திருக்கிறேன் அக்கா" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்றும் ஒளிந்துகொள்ளும். ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போடுவதை ஓரமாக நின்று பார்த்த பிள்ளையும் அதைத்தான் சொல்லும், கையால் நான்கு முறை போட்ட பிள்ளையும் அதைத்தான் சொல்லும்.

பாக்கெட்டில் அடங்கும் நோட்டுப் புத்தகம் ஒன்றும் வேண்டும். அதில் நோயாளியின் பெயர், அடையாள அட்டை எண் எதையும் எழுதக் கூடாது. "வயதான அம்மா, கால் புண்" என்றால் போதும். அந்த நோட்டு பஸ்ஸிலும் ஃபெரியிலும் உங்களோடு பயணம் செய்யும். எங்கேயாவது விட்டுவிட்டால் யாருடைய நோயும் ஊருக்குத் தெரியக் கூடாது.

எல்.பி. தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. பிள்ளை எந்த ஆண்டு, இந்தப் போஸ்டிங்கிற்குக் கல்லூரி கொடுத்திருக்கும் நோக்கங்கள் என்ன, கல்லூரியின் சி.ஐ. (கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், பயிற்சி ஆசிரியர்) எந்தெந்த நாளில் வருவார், லாக் புக்கில் யார் கையெழுத்து செல்லும். டிப்ளோமா மூன்று ஆண்டுப் படிப்பு. ஸ்பாஞ்சிங் (நோயாளியின் உடலைத் துடைத்துவிடுவது) மட்டும் பழகிவிட்டு வந்திருக்கும் முதலாண்டுப் பிள்ளையையும், சில மாதங்களில் மலேசிய தாதியர் வாரியத் தேர்வு எழுதப் போகிற மூன்றாம் ஆண்டுப் பிள்ளையையும் ஒரே கோலால் அளந்தால் இருவருக்கும் பயனில்லை.

அப்புறம் ஷிப்ட் அட்டவணை. முதல் வாரமாவது எல்.பி.யும் பயிற்சித் தாதியும் ஒரே ஷிப்டில் இருக்கும்படி வார்டு சிஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். எல்.பி. நைட் டூட்டியில், பிள்ளை காலை ஷிப்டில் என்றால் கீழே எழுதியிருக்கும் எதுவும் நடக்காது. ஹரி ராயா வாரத்தில் மலாய்த் தாதியர் பலர் விடுப்பில் போவார்கள், தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நாம் கேட்போம். அந்த வாரங்களில் போஸ்டிங் விழுந்தால், "நான் இல்லாத நாளில் இந்த அக்காவிடம் கேள்" என்று இரண்டாவது ஆளை முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். அப்படி ஆள் காட்டாத நாளில் பிள்ளை யாரிடமும் எதையும் கேட்காது, நோயாளியைச் சக்கர நாற்காலியில் எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போவதிலேயே ஷிப்ட் முடிந்துவிடும்.

2. முதல் நாள் பத்து நிமிடம்

வார்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்னால் இந்தப் பேச்சு நடக்க வேண்டும். சுற்றிக் காட்டிய பிறகு என்று வைத்துக்கொண்டால் அதற்குள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிடும்.

நான் மூன்று கேள்வி கேட்பேன். எதையெல்லாம் நீயே கையால் செய்திருக்கிறாய்? எதைச் செய்யச் சொன்னால் வயிறு கலங்கும்? தப்பு நடந்தால் நான் எப்படிச் சொன்னால் உனக்கு ஏறும்?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "எப்படிச் சொன்னாலும் சரிதான் அக்கா" என்று பதில் வந்தால் நம்ப வேண்டாம், பயத்தில் வருகிற பதில் அது. இன்னொரு முறை கேளுங்கள். ஒரு தம்பி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "மத்த பிள்ளைங்க முன்னாடி மட்டும் வேணாம் அக்கா, தனியா எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க" என்றான். அந்த ஒரு பதிலால் ஆறு வாரம் சுலபமாகப் போயிற்று.

அதே பேச்சில் நிறுத்துச் சொல் ஒன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள். என்னுடையது "ஒரு நிமிஷம்". நான் அதைச் சொன்னால் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும், கேள்வி எல்லாம் பிறகு. இது எதற்கென்று 5-வது படியில் தெரியும்.

3. ஷிப்ட் தொடக்கத்தில் ஒரே ஒரு விஷயம்

பாஸிங் ஓவர், அதாவது முந்தின ஷிப்ட் நோயாளிகளை ஒப்படைப்பது, முடிந்ததும், டிராலியைத் தள்ளுவதற்கு முன், ஒரு நிமிடம். இன்று எதைப் பார்க்கப் போகிறோம் என்று இருவரும் சேர்ந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முழு வழிகாட்டியிலும் ஒரு படியை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள் என்பேன்.

"இன்று நன்றாகக் கற்றுக்கொள்" என்பது தேர்வு ஆகாது. "இன்று காலை வைட்டல் சைன்ஸ் (ரத்த அழுத்தம், நாடி, மூச்சு போன்ற அளவுகள்) எடுக்கும்போது மூச்சு எண்ணுவதைப் பார்க்கிறேன்" என்றால் சரி. "டிரெஸ்ஸிங்கில் ஸ்டெரைல் செட் எங்கே வைக்கிறாய் என்று பார்க்கிறேன்" என்றாலும் சரி. கண்ணால் பார்க்க முடிந்ததாக இருக்க வேண்டும், அந்த ஷிப்டுக்குள் ஒரு முறையாவது நடக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

இதன் காரணம் எளிது. முன்பே சொல்லி வைத்ததைப் பற்றிப் பிறகு பேசினால் பிள்ளை அதை எதிர்பார்த்திருக்கும், காது திறந்திருக்கும். சொல்லாமல் வைத்திருந்து மதியம் 2 மணிக்கு வீட்டுக்குப் போகும் நேரத்தில் ஐந்து குறைகளை அடுக்கினால், மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைக்கும். எல்.பி.க்கும் லாபம் உண்டு. இருபது நோயாளிகளுக்கு நடுவில் ஒரு பிள்ளையை நாள் முழுக்கக் கவனிக்க யாராலும் முடியாது, ஒரு வேலையைக் கவனிக்க முடியும்.

எல்.பி. மறந்துவிட்டால் பயிற்சித் தாதி கேட்க வேண்டும். "அக்கா, இன்னைக்கு நான் டி.எக்ஸ்.டி. எடுக்கிறப்ப ஒரு தடவை பக்கத்துல நின்னு பாக்கிறீங்களா?" டி.எக்ஸ்.டி. என்பது விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது. இப்படிக் கேட்டால் எந்த ஸ்டாஃப் நர்ஸும் மறுப்பது அரிது. "எனக்கு ஃபீட்பேக் கொடுங்க" என்று கேட்டால் "நல்லாதானே பண்றே" என்ற பதில்தான் கிடைக்கும்.

4. பார்க்கும்போது கண்ட காட்சியை மட்டும் குறிப்பது

ஒரு காலை ஷிப்ட். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி ஆறு நோயாளிகளுக்கு வைட்டல் சைன்ஸ் எடுத்துக் குறித்திருந்தாள். ரத்த அழுத்தம் ஆறு விதம், நாடித்துடிப்பு ஆறு விதம். மூச்சு எண்ணிக்கை மட்டும் ஆறு பேருக்கும் 20.

"கவனமில்லை" என்று நான் எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அது என் தீர்ப்பு, அவளால் அதை எதுவும் செய்ய முடியாது. நான் குறித்தது இதுதான்: ஆறு கட்டில், ஆறிலும் 20, ஒவ்வொரு கட்டிலிலும் பி.பி. எந்திரம் ஓடி முடித்தவுடன் நகர்ந்துவிட்டாள், நெஞ்சைப் பார்த்து நிற்கவில்லை. இதை மறுக்க ஒன்றுமில்லை, திருத்துவதற்கும் வழி தெரிகிறது. மூச்சை முழுசாக 60 நொடி எண்ண வேண்டும். எந்திரம் அதைச் செய்து தராது.

எல்.பி. பார்க்கும்போது பேசாமல் இருப்பதும் இந்தப் படியில் அடக்கம். நடுவில் "இப்படிப் பிடி, அப்படி வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கடைசி வரை உங்களுக்குத் தெரியப் போவதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள். எனக்கு இதுதான் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆனது.

5. உடனே நிறுத்த வேண்டிய இடம்

நோயாளிக்கு ஆபத்து என்றால் மேலே சொன்ன பொறுமைக்கு இடமில்லை. தப்பான ஆளுக்கு மருந்து, தப்பான அளவு, ஸ்டெரைல் கையுறை எங்கேயோ பட்ட பிறகும் தொடர்வது, நிற்க முடியாத நோயாளியைத் தனியாக இறக்க முயல்வது. உடனே நிறுத்துங்கள். ஆனால் நிறுத்துவது வேறு, பாடம் எடுப்பது வேறு.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கே வருத்தமானது. பல வருஷத்துக்கு முன், வேறொரு மருத்துவமனையில், ஒரு பயிற்சித் தாதி காலை இன்சுலினோடு கட்டில் அருகே நின்றாள். என்னோடு சேர்ந்து கவுண்டர் செக் செய்துவிட்டுத்தான் போனாள். மருந்து சரி, அளவு சரி, ஆள் சரி. அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட நான் இரண்டடி நகர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோதுதான் தலைமாட்டில் நைட் ஷிப்ட் மாட்டிவிட்டுப் போன என்.பி.எம். (வாய்வழி எதுவும் தரக் கூடாது) அட்டை கண்ணில் பட்டது. ஸ்கோப்புக்கு (குழாய்க் கேமராப் பரிசோதனைக்கு) போக வேண்டிய நோயாளி, காலை உணவு கிடையாது. அந்த நிலையில் வழக்கமான இன்சுலினைக் கொடுத்தால் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் அங்கிருந்தே கத்தினேன். "ஏய், கண்ணு தெரியலையா?" ஊசி போடவில்லை, நோயாளி தப்பித்தார். ஆனால் அவர் அதற்குப் பிறகு எந்தப் பயிற்சித் தாதியையும் தொட விடவில்லை. அந்தப் பெண் போஸ்டிங் முடியும்வரை நான் இருக்கும் பக்கமே வரவில்லை, சந்தேகம் வந்தாலும் என்னிடம் கேட்கவில்லை. ஒரு ஆபத்தைத் தடுத்து இன்னொன்றுக்கு நானே வழி செய்துவிட்டேன். அந்த அட்டையை நானும்தான் பார்க்கவில்லை என்பதை அன்று நான் சொல்லவும் இல்லை.

இப்போது செய்வது இது. "ஒரு நிமிஷம்" என்று சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டே பக்கத்தில் போவேன். நோயாளியிடம், "ஐயா, இன்னொரு முறை நாங்க சரிபார்த்துக்கிறோம்" என்பேன். அவருக்கு அது பாதுகாப்பாகத்தான் தெரியும். இருவரும் டிராலிக்குத் திரும்பி, டாக்டரின் உத்தரவைப் பி.எச்.டி.யில் (நோயாளியின் வார்டுக் கோப்பில்) சேர்ந்து பார்ப்போம். விளக்கம் எல்லாம் நோயாளியின் காதுக்கு எட்டாத இடத்தில். ஆபத்துக்கு இவ்வளவு அருகில் போன நிகழ்வை மருத்துவமனையின் விதிப்படி சிஸ்டரிடம் தெரிவித்துப் பதிவும் செய்ய வேண்டும். அந்தப் பதிவு எழுதும்போது பிள்ளையை உடன் வைத்துக்கொள்ளுங்கள், முதுகுக்குப் பின்னால் எழுதியது என்று ஆகக் கூடாது.

6. சொல்லும் வரிசை

அதே ஷிப்டுக்குள் சொல்லிவிடுங்கள். மறுநாள் என்றால் உங்களுக்கும் பாதி மறந்திருக்கும், பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கும். ஐந்து நிமிடம் போதும்.

முதலில் பிள்ளை பேச வேண்டும். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "ஓகே அக்கா" என்று முடிந்துவிடும். "அந்த டிரெஸ்ஸிங்கில் உனக்கே சந்தேகம் வந்த இடம் எது?" என்று கேளுங்கள். பாதி நேரம் நாம் சொல்ல வந்ததை அதுவே சொல்லிவிடும், அப்போது நம் வேலை பாதியாகிவிடும். அது சொல்வதிலிருந்து வேறொன்றும் தெரிய வரும்: தப்பு என்று தெரிந்தே செய்ததா, தெரியாமலே செய்ததா. இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

பிறகு நீங்கள் கண்டது. அதன் பின் அது நோயாளிக்கு என்ன செய்யும் என்பது. கடைசியில் அடுத்த முறை எதை மாற்றுவது.

டிரெஸ்ஸிங்கையே எடுத்துக்கொள்வோம். "அழுக்குப் பஞ்சைப் போடுவதற்கு மூன்று தடவை ஸ்டெரைல் செட்டுக்கு மேலாகக் கையைக் கொண்டுபோனாய். காயம் இடப்பக்கம், குப்பைப் பை வலப்பக்கம், நடுவில் செட். பஞ்சிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தச் செட் போச்சு. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை வேறு, புண் ஆறுவதே கஷ்டம். அடுத்த தடவை உட்காருவதற்கு முன்னாலேயே பையைக் காயம் இருக்கிற பக்கமாக மாட்டிவிடு." இவ்வளவுதான். "ஸ்டெரைல் டெக்னிக்கில் கவனம் தேவை" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் அடுத்த நாள் இன்னும் பயந்து, இன்னும் மெதுவாக, அதே மூன்று தடவை கையை நீட்டியிருப்பாள். தவறு பை தொங்கிய இடத்தில் இருந்தது.

பாராட்டும் இதே அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். "நல்லா செஞ்சே" என்பதில் திரும்பச் செய்வதற்கு எதுவும் இல்லை. "போர்வையை விலக்குவதற்கு முன் திரையை இழுத்தாய், அதுவரை இறுக்கிப் பிடித்திருந்த பாட்டி கையைத் தளர்த்தினார்" என்று சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளை திரையை இழுக்காமல் ஒரு நாளும் போர்வையைத் தொடாது.

ஒரு நல்லது, ஒரு குறை, மறுபடி ஒரு நல்லது என்று அடுக்கிச் சொல்லச் சிலர் கற்றுக்கொடுப்பார்கள். நான் அதை விட்டுவிட்டேன். இரண்டே நாளில் பிள்ளைகளுக்கு அந்த வரிசை பழகிவிடும். முதல் பாராட்டு வந்ததுமே "ஆனா" எப்போது வரும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், சொன்ன நல்லது காதில் விழுவதில்லை.

ஒரு பேச்சில் ஒரு திருத்தம், மிஞ்சினால் இரண்டு. மீதியைக் குறித்து வைத்துக்கொண்டு நாளைய 3-வது படிக்குக் கொண்டுபோங்கள்.

7. எங்கே, எந்த மொழியில்

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். எல்.பி.யும் தமிழ், பிள்ளையும் தமிழ் என்றால் தமிழில் சொல்வது சட்டென்று மனதில் இறங்கும். ஆனால் வார்டின் நடுவில் நின்று தமிழில் தாழ்ந்த குரலில் பேசினால், பக்கத்தில் நிற்கும் மலாய், சீனச் சகோதரிகள் தங்களைப் பற்றிப் பேசுவதாக நினைக்கலாம். மலாய் நோயாளியின் கட்டில் அருகே பேசினால் அவர் தன் நோயைப் பற்றி ஏதோ மறைக்கிறார்கள் என்று பயப்படுவார். தமிழ் நோயாளி என்றால் ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரியும். "புதுப் பிள்ளைம்மா, விடுங்க" என்று அவரே நடுவராக வந்துவிடுவார், அல்லது "இந்தப் பொண்ணு வேணாம்" என்பார்.

அதனால் கட்டிலருகே வேலைக்கு வேண்டிய சொல் மட்டும், வார்டில் எல்லோருக்கும் புரியும் மொழியில். பேச்சு ட்ரீட்மென்ட் ரூமில், கதவை ஒருக்களித்துவிட்டு. அங்கே தமிழில் பேசுங்கள். செய்முறைப் பெயர்களை மட்டும் வார்டில் வழங்குகிற பெயரிலேயே சொல்லுங்கள், தேர்வில் அவைதான் வரும். கேன்டீனில் வேண்டாம். தே தாரிக் குடிக்கும் அரை மணி நேரத்தையாவது பிள்ளைக்கு விட்டுவைக்க வேண்டும். இரவில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பவும் வேண்டாம். குரல் இல்லாத வார்த்தை எப்போதும் இருந்ததைவிடக் கடுமையாகத்தான் படிக்கப்படும்.

8. பயிற்சித் தாதி கேட்கும் முறை

பெரியவர்கள் பேசும்போது எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் "சரி அக்கா, சரி அக்கா" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "என்ன சொன்னாங்க?" என்று தோழியிடம் கேட்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விளக்கம் கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது.

கேட்டு முடித்ததும், புரிந்ததை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். "அப்படின்னா அடுத்த தடவ பையைக் காயம் இருக்கிற பக்கம் மாட்டணும், சரியா அக்கா?" தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு நோட்டில் உங்கள் சொல்லில் ஒரே வரி, தேதியோடு.

காரணம் இருந்தால் சொல்லலாம். ஆனால் திருத்தத்தைத் திருப்பிச் சொன்ன பிறகு சொல்லுங்கள். முதலிலேயே காரணம் வந்தால் சாக்காகக் கேட்கும், பிறகு வந்தால் தகவலாகக் கேட்கும்.

"நீ இதற்கு லாயக்கில்லை" போன்ற பேச்சு வந்தால் அது இந்த வழிகாட்டியில் எங்கேயும் சேராது. அதை மனதில் போட்டுக்கொள்ளாமல் தேதியும் இடமும் குறித்து சி.ஐ.யிடம் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும், முகம் கழுவிவிட்டு வரலாம். வார்டை விட்டுப் போவதை மட்டும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

9. மறுபடி செய்து காட்டும்வரை முடியவில்லை

புதிய எல்.பி.க்கள் பெரும்பாலும் விடுவது இந்தப் படியை. சொன்னோம், பிள்ளை சரி என்றது, முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதே ஷிப்டிலோ மறுநாளோ அதே வேலையை மறுபடி செய்ய வைத்து, கூட நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லாக் புக்கில் கையெழுத்து.

மூச்சு எண்ணாத பெண்ணிடம் மறுநாள் மூன்று நோயாளிகளை மட்டும் கொடுத்தேன். நாடியைப் பிடித்தபடியே கண்ணை நெஞ்சுக்குத் திருப்பி எண்ணச் சொன்னேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் அதை மாற்றிக்கொள்வார், அதற்குத்தான் கையை நாடியிலேயே வைத்திருப்பது. மூன்றாவது கட்டிலில் அவள் எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். 28. அந்தப் பெரியவர் அமைதியாகத்தான் படுத்திருந்தார், எந்திரத்தில் எதுவும் கத்தவில்லை. ஆளின் நிலை மோசமாவதை முதலில் காட்டுவது பல நேரம் மூச்சுதான். டாக்டரைக் கூப்பிட்டோம். அதற்குப் பிறகு மூச்சு எண்ணுவதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசத் தேவைப்படவில்லை.

இன்னொரு பிள்ளை வலி கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். மலேசியாவில் 2008 முதல் வலியை ஐந்தாவது வைட்டல் சைனாகக் குறிக்கும் முறை சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளுக்கு வந்தது. பிள்ளை ஒரு தமிழ்ப் பாட்டியிடம் "வலிக்குதா பாட்டி?" என்றது. பாட்டி "பரவால்லம்மா" என்றார். பிள்ளை சார்ட்டில் 0 போட்டது. நம் பாட்டிகள் எலும்பு முறிந்திருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று. நான் சொன்னது இவ்வளவே: "பரவாயில்லை என்பது எண் இல்லைம்மா. 0 முதல் 10 வரை விரலைக் காட்டிக் கேள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, திரும்பிப் படுக்கும்போது ஒரு தடவை." மறுபடி போய்க் கேட்டது. படுத்திருந்தால் 3, திரும்பினால் 8. தமிழ் தெரிந்த பிள்ளை அந்த வார்டில் இருப்பதன் பயன் இதுதான், அதை அந்தப் பிள்ளையிடமே சொன்னேன்.

10. பயிற்சித் தாதி ஸ்டாஃப் நர்ஸுக்குச் சொல்வது

மூச்சு எண்ணிக்கை 20 என்று எழுத அந்தப் பெண் எங்கே கற்றாள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இங்கதான் அக்கா. பழைய சார்ட் எல்லாத்துலயும் அப்படித்தான் இருந்துச்சு." போய்ப் பார்த்தேன். என் கையெழுத்து இருந்த சார்ட்டிலும் 18, 20, 20. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பிள்ளைகளை மட்டும் திருத்திக்கொண்டே இருந்திருப்பேன்.

பிள்ளைகளால் இதைத் தாங்களாகச் சொல்ல முடியாது, கேட்டால்தான் சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது எல்.பி. கேட்க வேண்டும்: "கல்லூரியில் சொல்லித் தந்ததற்கும் இங்கே நாங்கள் செய்வதற்கும் எங்கே வித்தியாசம் பார்த்தாய்?" ஆளைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்பதால் பதில் சொல்வது சுலபம். பதில் வந்ததும் "இங்க அப்படித்தான்" என்று மூடிவிட்டால் அதுதான் கடைசிப் பதில், அடுத்த முறை வாயைத் திறக்காது. நியாயமான காரணம் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் "நீ சொல்வது சரி" என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

பயிற்சித் தாதி தானாகச் சொல்ல வேண்டி வந்தால் கேள்வியாகச் சொல்வது எளிது. நோயாளியைத் தொடும் முன், சுத்தமான செய்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ளதைத் தொட்ட பின் என்று கை சுத்தத்துக்கு ஐந்து தருணங்கள் எல்லாக் கல்லூரியிலும் மனப்பாடம். கட்டில் கம்பியைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகரும்போது பலர் விடுவது ஐந்தாவதை. ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் விட்டால், ஹேண்ட் ரப் பாட்டிலை நீங்கள் எடுத்து உங்கள் கையில் ஊற்றிக்கொண்டு அவரிடமும் நீட்டுங்கள். ஒரு வார்த்தையும் தேவையில்லை, நீட்டிய பாட்டிலை யாரும் தள்ளிவிடுவதில்லை.

நோயாளிக்கு அப்போதே ஆபத்து என்றால் மட்டும் கேள்வி, தயக்கம் எதுவும் வேண்டாம். 2-வது படியில் முடிவு செய்த "ஒரு நிமிஷம்" உங்களுக்கும் உரியது. "காக், ஒரு நிமிஷம், இந்த நோயாளிக்கு அலர்ஜி இருக்குன்னு ஸ்டிக்கர் இருக்கு" என்று வார்டு மொழியில் உடனே சொல்லுங்கள் (காக் என்றால் மலாயில் அக்கா). கேட்கவில்லை என்றால் அடுத்து சிஸ்டர். மற்ற விஷயங்களுக்கு முதலில் எல்.பி., அங்கே சரியாகவில்லை என்றால் சி.ஐ., பிறகு சிஸ்டர். முதலிலேயே வகுப்புத் தோழிகளின் குழுவில் போட்டுவிட்டால், சொன்ன விஷயம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் வார்டில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

11. நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை

போஸ்டிங் பாதியில் நோட்டையும் லாக் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இருவரும் அரை மணி நேரம் உட்காருங்கள். பிள்ளை தேறுவது சந்தேகம் என்று பட்டால் இந்த நாளில் சொல்லியாக வேண்டும், சி.ஐ.யையும் கூப்பிட்டு, எழுத்தில், எந்தெந்த வேலை இன்னும் வரவில்லை என்ற விவரத்தோடு. பாவம் என்று மனமிரங்கி மறைப்பதால் திருத்திக்கொள்ள இருந்த வாரங்கள்தான் வீணாகும்.

கடைசி மதிப்பீட்டுப் பாரத்தில் பிள்ளை முதல் முறையாகக் கேள்விப்படும் செய்தி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்படி ஏதாவது எழுத வேண்டியிருந்தால், தவறியது நாம். பாரத்தை நிரப்பும்போது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுங்கள், "நல்ல பிள்ளை", "அமைதியானவள்" போன்றவை தானாகவே வராமல் போகும்.

12. அடுத்த வார்டுக்குக் கொண்டுபோகும் தாள்

கடைசி ஷிப்டில் பிள்ளை அரைப் பக்கத்தில் தானே எழுதட்டும்: இப்போது மேற்பார்வையில் செய்ய முடிந்தவை, இன்னும் பக்கத்தில் ஆள் வேண்டியவை, எப்படிச் சொன்னால் தனக்கு ஏறும். எல்.பி. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம், திருத்த வேண்டாம். அடுத்த வார்டில் முதல் நாள் பத்து நிமிடப் பேச்சில் அந்தத் தாளை மேசையில் வைத்தால் போதும், புது எல்.பி. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

மூச்சு எண்ணிய பெண் தன் தாளில் "பிராணுலா (நரம்பில் ஏற்றும் ஊசிக் குழாய்) போடும்போது பக்கத்தில் நின்றால் போதும், பேச வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். சர்ஜிகல் வார்டில் அவளை வாங்கிக்கொண்ட அக்கா அதைப் படித்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம்.